கறுப்புக் கட்டத்துக்கு வெளியே ஒரு படம்

பேராவூரணியில் நான் கடைசியாக வேலை பார்த்த அச்சகத்தில் இப்போது அஞ்சலிப் போஸ்டர் வேலை பாதிக்கு மேல் நின்றுவிட்டது. ஆள் இறந்து, உடல் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் சொந்தக்காரர் யாராவது செல்போனிலேயே படம் செய்து எல்லாருக்கும் அனுப்பிவிடுகிறார். செயலியில் கட்டம் தயாராக இருக்கிறது. முகத்தை ஓரிடத்தில் வைத்துப் பெயரை ஓரிடத்தில் அடித்தால் போதும், பக்கத்தில் விளக்கு தானாக எரிகிறது. "பக்கம் சரியா அமையாதப்ப நீங்கள்லாம் என்னதான் பண்ணுவீங்க? அத எழுதிக் குடுங்கண்ணே" என்று அச்சகக்காரர்கள் போடும் மலருக்காக ஒருவர் வந்து கேட்டார். கண் நரம்பு கெட்டு வேலையை விட்டபிறகு எனக்கும் பொழுது போகவில்லை. எழுதுகிறேன்.

நான் பிறந்தது திருப்பனந்தாள் பக்கம். அப்பா குத்தகைக்குப் பயிர் வைத்தவர். ஆற்றில் தண்ணீர் வராத ஒரு வருடம் நாற்றங்காலோடு எல்லாம் காய்ந்தது. நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பினேன். நெல் அவிக்கும் மில்லில் மூட்டை தூக்கினேன். லாரியில் கிளீனராகப் போனேன். கும்பகோணத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கூட்டிப் பெருக்கும் வேலை கிடைத்தது. கூட்டி முடித்தபின் காலியாக இருக்கும் மெஷினில் தட்டிப் பழகிக்கொள்ளலாம் என்றார்கள். பழகினேன். கம்ப்யூட்டர் வந்ததும் அதில் உட்கார்ந்தேன். என் படிப்பு அவ்வளவுதான். எந்த ஊரிலும் நான் அதிக நாள் தங்கியதில்லை. சண்டை போட்டுக்கொண்டு வெளியேறியதும் இல்லை. ஒரு நாள் காலையில் அந்தக் கடைக்குப் போகத் தோன்றாது. பையை எடுத்துக்கொண்டு வேறு ஊர் பஸ்ஸில் ஏறிவிடுவேன்.

ஊர்தோறும் பக்கம் வேறு விதமாகக் கெடும். அப்போது கடைக்குக் கடை தமிழ் எழுத்துரு வேறு. ஒரு கடையில் அடித்ததை இன்னொரு கடையில் திறந்தால் மந்திரம் எழுதிய தகடு மாதிரி இருக்கும். கொம்பு ஒரு வரியின் கடைசியில் நின்றுவிடும், அதற்குரிய எழுத்து அடுத்த வரிக்குப் போய்விடும். மொத்தப் புத்தகத்தையும் வரிவரியாகப் பார்த்துக் கொம்பையும் எழுத்தையும் சேர்த்து வைக்க வேண்டும். கூத்தாநல்லூரில் நிக்காஹ் பத்திரிகையின் தலைப்பில் வரும் அரபி வரி எங்கள் மெஷினில் இடமிருந்து வலமாக, ஒன்றோடொன்று ஒட்டாத எழுத்தாக விழும். அந்த அச்சக முதலாளி பாய் அதை ஒரு பிரதிகூட எடுக்க விடமாட்டார். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கையால் எழுதி வாங்கி, அதைப் படம் பிடித்து வைப்போம். அந்த வரி அச்சான தாள் வீணானாலும் கீழே போடக்கூடாது, காலில் மிதிபடக்கூடாது. தனிச் சாக்கில் சேர்த்து ஆற்றில் விடுவார். அங்கே சுத்தமாக வேலை செய்யப் பழகினேன். ஆனாலும் ஒரு மழைக்காலத்தில் அங்கிருந்தும் கிளம்பிவிட்டேன்.

பேராவூரணியில்தான் நின்றேன். ஏன் என்று கேட்டால், அடைக்கலம் என்ற அந்த முதலாளியால்தான் என்று சொல்ல வேண்டும்.

அவர் மவுஸைத் தொடமாட்டார். உட்காரவும் மாட்டார். என் நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். புரூஃப் எடுத்துக் கொடுத்தால் முதலில் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார். தலைகீழாக எழுத்தைப் படிக்க முடியாததால் கண் பக்கத்தின் எடையை மட்டும் பார்க்கும் என்பார். "இந்தப் பக்கம் சாயுது தங்கராசு" என்பார். தட்டி நிமிர்த்துவேன். நல்லா இருக்கு என்று அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. சாயவில்லை என்றால் பேசாமல் தாளைத் திருப்பித் தந்துவிடுவார்.

சாவுச் செய்தியோடு வருகிறவர்களுக்கு என்று அவரிடம் தனி முறை இருந்தது. அவர்களை வாங்க என்று சொல்லமாட்டார். இழவு வீட்டு ஆளை வாங்க என்று கூப்பிடுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. பேசாமல் நாற்காலியை இழுத்துப் போடுவார். டீ வந்து அவர்கள் குடித்து முடித்தபிறகு, "யாரு?" என்று ஒரு வார்த்தை கேட்பார். விவரம் வாங்கி, நான் அடித்து, புரூஃப் வந்ததும் அவரே ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படிப்பார். ஒவ்வொரு வரிக்கும் எதிரில் இருப்பவர் "ஆமா" என்று சொல்ல வேண்டும். தலையாட்டினால் ஏற்கமாட்டார். ஒரு வரிக்கு ஆமா வராவிட்டாலும் அச்சுக்குப் பிளேட் போடக்கூடாது. அழுதுகொண்டிருப்பவர்களைக்கூட அப்படித்தான் சொல்ல வைப்பார். கொடுமையாக இருக்கும். ஆனால் தவறான பெயரோடு ஒரு போஸ்டரும் அங்கிருந்து போனதில்லை.

இனி பஞ்சநாதன் வந்த நாளைச் சொல்கிறேன். பேராவூரணிக்குக் கிழக்கே கடற்கரை ஊர் ஒன்றில் படகு வைத்திருந்தவர். அவர் படகில் நான்கு பேர் கடலுக்குப் போனார்கள். காற்றில் படகு கவிழ்ந்தது. மூன்று பேர் உடல் வெவ்வேறு கரைகளில் ஒதுங்கியது. நான்காவது ஆளான குமரவேல் கிடைக்கவில்லை.

பஞ்சநாதன் டீயைக் கையில் வாங்கினார், குடிக்கவில்லை. முதலாளி கேட்பதற்கு முன் அவரே ஆரம்பித்தார். "நாலு பேரு படமும் ஒரே போஸ்டர்ல வரணும். கீழ காரியத் தேதி போட்டுருங்க."

"நாலாவது ஆளு..." என்று முதலாளி இழுத்தார்.

"கெடைக்கல. கெடைக்காதுங்க. அந்தத் தண்ணி எனக்குத் தெரியும்."

அந்த ஊர்க் கட்டுப்பாடு ஒன்று உண்டு. கடலில் காணாமல் போனவருக்குக் காரியம் என்று அறிவிக்கிற வரைக்கும் எந்தப் படகும் மீன் பிடிக்கப் போகாது. எல்லாப் படகும் தேடத்தான் போகும். காரியத் தேதியோடு போஸ்டர் ஒட்டிவிட்டால் தேடுவது முடிந்தது. மறுநாள் வலையை ஏற்றலாம்.

"எம்புட்டு நாளுங்க சும்மா டீசலக் கொட்டி அலையிறது? ஊர்ல ஒரு வீட்டுலயும் ஒழுங்கா அடுப்பு எரியல. என்னைய நெஞ்சுல ஈரம் இல்லாதவன்னு நெனைக்காதீங்க. செத்ததுல ஒருத்தன் என் கூடப்பொறந்த தம்பி" என்றார் பஞ்சநாதன். அந்தத் தம்பியின் பெயர் சின்னராசு. கல்யாணம் ஆகாதவர்.

நான் பக்கத்தைத் தயார் செய்தேன். நாங்கள் பயன்படுத்தியது பேஜ்மேக்கர் என்ற பக்கம் அமைக்கும் மென்பொருள். மேலே கண்ணீர் அஞ்சலி. சுற்றிலும் தடித்த கறுப்புக் கோடு. உள்ளே ஒரே வரிசையில் நான்கு படம். மூன்று பேருக்கு மீனவர் அடையாள அட்டையில் இருந்த முகம். குமரவேலுக்கு மட்டும் ஏதோ கல்யாணத்தில் எடுத்த படம்தான் கிடைத்தது. பக்கத்தில் நின்றவரின் தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். கையை வெட்டினேன். சிரிப்பை ஒன்றும் செய்ய முடியாது.

ஒவ்வொரு படத்துக்குக் கீழும் பெயர். பெயருக்கும் கீழே சிறிய பெட்டியில் பிறப்பு, இறப்பு. பெயர்களைத் தனித்தனியாகச் செய்தாலும் தேதிகளை நாங்கள் எப்போதும் ஒரே தொடராகத்தான் அடிப்போம். முதல் பெட்டி நிறைந்ததும் மிச்சம் இரண்டாம் பெட்டிக்கு ஓடும், அது நிறைந்தால் மூன்றாவதுக்கு. அப்படி ஓட விட்டால் நான்கு பெட்டியிலும் எழுத்து ஒரே அளவில், ஒரே இடைவெளியில் இருக்கும். குமரவேல் படம் இரண்டாவது. சின்னராசு மூன்றாவது. புரூஃபுக்குச் சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டுப் பஞ்சநாதன் ஐஸ் கம்பெனிப் பக்கம் போனார்.

மதியம் ஒரு பெண் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக உள்ளே வந்தார். வெயிலில் வந்த களைப்பு. செருப்பை வாசலில் கழற்றினார்.

"குமரவேல் வீட்டுக்காரிங்க. வளர்மதி" என்றார்.

முதலாளி நாற்காலியைத் தொடவில்லை. "வாங்கம்மா. உள்ள வாங்க" என்றார்.

அந்த வாங்க என்ற சொல்லைக் கேட்டதும் அந்தப் பெண் ஒரு கணம் அவரையே பார்த்தார். பல நாளாக யாரும் அவரை அப்படி அழைத்திருக்க மாட்டார்கள். அப்புறம்தான் உட்கார்ந்தார்.

"எங்க வீட்டுக்காரர் படத்த அதுலேருந்து எடுத்துடுங்க."

"ஆர்டர் குடுத்தது படகுக்காரரும்மா. அவரு சொல்லணும்."

"படகு அவருது. ஆளு என்னுது."

வளர்மதி நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். படிக்கத் தெரிந்தவர். கணவரின் பெட்டிக்கு வந்ததும் நிறுத்தினார். "எறந்த தேதின்னு போட்டிருக்கீங்களே, யாரு பாத்தா? அத மட்டுமாவது அழிங்க. மத்தத படகுக்காரரு வந்ததும் பேசிக்கிறேன்."

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். குமரவேலின் பிறப்பு, இறப்பு இரண்டையும் சேர்த்தே தேர்ந்து அழித்தேன்.

தொடராக ஓட விட்ட எழுத்தில் நடுவில் ஒன்றை எடுத்தால் என்ன ஆகும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். கீழே இருப்பது மேலே ஏறும். மூன்றாம் பெட்டியில் இருந்த சின்னராசுவின் பிறப்பும் இறப்பும் நகர்ந்து வந்து குமரவேலின் சிரித்த முகத்துக்குக் கீழே நின்றன. நாலாவது படத்தில் இருந்தவரின் தேதி சின்னராசுவுக்குப் போனது. கடைசிப் பெட்டி காலி.

வளர்மதி உள்ளங்கையை விரித்துத் திரையின் அந்த இடத்தை மூடினார்.

"இது யாரு தேதி?"

"பக்கத்துல இருக்குறவரோடதும்மா. எல்லாப் பெட்டியையும் ஒண்ணோட ஒண்ணு கோத்திருக்கோம். ஒண்ணு காலியானா அடுத்தது வந்து ரொப்பிக்கும்."

"எடுத்தாலும் இன்னொருத்தர் சாவு வந்து நிக்குமா இவருக்கு?"

"இல்லம்மா, பிரிச்சு விடுறேன்."

"பிரிச்சு விடுங்க. பிரிச்சு விட்டுட்டுப் பேசுங்க." கையை அவர் எடுக்கவில்லை. கைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே வேலை செய்தேன்.

பிரிப்பது பெரிய வித்தை இல்லை. ஒவ்வொரு பெட்டியாகப் பிடித்து வெட்டி, அதே இடத்தில் ஒட்டினால் தொடர் அறுந்துவிடும். பின் அந்தந்தத் தேதியை அந்தந்த ஆளிடம் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். வரிமட்டத்தைக் கோடு இழுத்துச் சரிபார்க்க வேண்டும். முடித்தபின் "இப்ப எடுங்கம்மா" என்றேன். கையை எடுத்தார். குமரவேலின் பெயருக்குக் கீழே ஒன்றும் இல்லை.

அதற்குள் முதலாளி போன் போட்டுப் பஞ்சநாதனை வரச் சொல்லியிருந்தார். அவர் வந்ததும் வாசலிலேயே சத்தம் ஆரம்பித்தது.

"தங்கச்சி, கரையில உக்காந்து நீ எத்தினி நாளு வேணா பாத்துக்கிட்டு இரு. ஊருக்குக் கஞ்சி எவன் ஊத்துறது?"

"உங்க தம்பி மூஞ்சிய நீங்க பாத்துட்டீங்கண்ணே. கொள்ளி வச்சிட்டீங்க. எனக்கும் ஒரு மூஞ்சியக் காட்டுங்க, பசை வாளியத் தூக்கிட்டு வந்து நானே போஸ்டர் ஒட்டுறேன்."

பஞ்சநாதன் சுவரில் சாய்ந்தார். "சரிங்க, அவன் படத்த எடுத்துடுங்க. மூணு பேரு போதும்" என்றார்.

எனக்கு நிம்மதி. மூன்று படம் என்றால் நடுவில் ஒன்று, இருபக்கமும் ஒன்று, பக்கம் தானாக அமையும். படத்தை எடுக்கக் கையை வைத்தேன்.

"எடுக்காதீங்க" என்றார் வளர்மதி.

பஞ்சநாதன் தலையில் அடித்துக்கொண்டார். "இவ வைக்கவும் விடமாட்டா, எடுக்கவும் விடமாட்டா. நீங்களே கேளுங்க."

"எடுத்துட்டா மூணு பேரு போனாங்க, மூணு பேரு வந்துட்டாங்கன்னு ஆயிடும்ணே. செவுத்துலயே இல்லாதவர எவன் தேடுவான்?"

முதலாளி கேட்டார். "என்னதாம்மா வேணும்?"

"அவரு அதுல இருக்கணும். செத்தவங்களோட இருக்கக் கூடாது."

இதுதான் என் வேலைக்காலத்தில் எனக்கு வந்த கடினமான பக்கம். கேட்கச் சுலபமாக இருக்கும். ஒரு தாளின் தலையில் கண்ணீர் அஞ்சலி என்று இருந்தால் அதற்குக் கீழே இருக்கிற எல்லா முகமும் இறந்த முகம்தான். உயிரோடு இருப்பவரைச் சும்மா வைத்தாலும் இறந்தவராகத்தான் தெரிவார். முதலில் அடியில் ஒரு பட்டை விட்டு அங்கே வைத்தேன். முதலாளி ஒப்பவில்லை. சுவரில் ஒட்டும்போது அடுத்த போஸ்டர் முதலில் மூடுவது அடியைத்தான், மிச்சத்தை ஆடு தின்னும் என்றார். தலைப்புக்கு மேலே வைத்தேன்.

"கட்சித் தலைவர் மாதிரி இருக்கு. இவர்தான் அஞ்சலி செலுத்துறாருன்னு நெனைப்பான்" என்றார். பஞ்சநாதனுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியில் கறுப்புக் கட்டத்தையே வலது பக்கத்திலிருந்து உள்ளே தள்ளினேன். தலைப்பு, மூன்று முகம், தேதிகள், காரிய விவரம் எல்லாம் குறுகிய கட்டத்துக்குள் போயின. தாளின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை வெள்ளையாக ஒரு பத்தி விட்டேன். அதில் குமரவேல் தனியாக. கறுப்புக் கோடு இல்லை, விளக்கு இல்லை, பூ இல்லை. படத்தின் கீழே, படகில் சென்ற குமரவேலைத் தேடிவருகிறோம், தகவல் தெரிந்தால் கூப்பிடுங்கள் என்று அடித்தேன். புரூஃபை முதலாளி தலைகீழாகப் பிடித்தார். ஒரு பக்கம் பலமாகச் சாய்ந்துதான் இருந்தது. எனக்கே தெரிந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் நேராகத் திருப்பினார்.

"எந்த நம்பரப் போடுறது?" என்று கேட்டார்.

தேடிவருகிறோம் என்று எழுதி நம்பரைக் கொடுப்பவர் தேடத்தான் வேண்டும். வளர்மதி தன் போனை எடுத்தார். அது பட்டனில் பாதி வேலை செய்யாத போன்.

"என் நம்பரப் போடுங்க" என்றார் பஞ்சநாதன்.

முதலாளி படிக்கத் தொடங்கினார். மூன்று பெயருக்கும் பஞ்சநாதன் ஆமா சொன்னார். தம்பியின் பெயருக்குக் குரல் வரவில்லை. முதலாளி காத்திருந்தார். வந்தது. பிறகு ஓரத்துப் பத்தியைப் படித்தார்.

"குமரவேல். தேடிவருகிறோம்."

பஞ்சநாதன் வளர்மதியைப் பார்க்கவில்லை. "ஆமா" என்றார்.

மூன்று பேருக்கும் காரியம் நடந்தது. போஸ்டரில் காரியத் தேதி இருந்ததால் படகுகள் மீனுக்குப் போயின. ஆனால் ஐஸ் கம்பெனிச் சுவரிலும் ஏலக்கூடத்திலும் அந்த முகம் கட்டத்துக்கு வெளியே நின்றதால், முறை வைத்துத் தினம் ஒரு படகு தேடப் போவதென்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. மழைக்காலம் கடலை மூடும்வரை போனார்கள். பஞ்சநாதனுக்குப் போன்கள் வந்தன. தெற்கே ஒரு கரையில் உடல் ஒதுங்கியிருக்கிறது என்பார்கள். ஓடுவார். வேறு யாராகவோ இருக்கும். இதை அவரே பிறகொரு முறை வேறு வேலையாக வந்தபோது சொன்னார். குமரவேல் கிடைக்கவில்லை.

சில வருடங்கள் கழித்து வளர்மதி மறுபடி வந்தார். மகளுக்குக் கல்யாணம். அட்டையைத் தேர்ந்தார், விவரம் சொன்னார். பெண்ணின் பெற்றோர் வரியில் திரு. குமரவேல் – திருமதி. வளர்மதி என்று அடித்தேன். அவர் சொன்னது அப்படித்தான். முதலாளி படித்தார், வளர்மதி ஆமா என்றார். புரூஃபை மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்ட எடுத்துப் போனார்.

இரண்டொரு நாளில் அதே தாளோடு வந்தார். குமரவேல் பெயருக்கு முன்னால் சிவப்பு மையில் தெய்வத்திரு என்று எழுதியிருந்தது.

"அவங்க எழுதினதா?" என்றார் முதலாளி.

"ஆமாங்க. வெறும் திருன்னு போட்டா, பொண்ணோட அப்பா எங்கன்னு மண்டபத்துல கேப்பாங்களாம். பொண்டாட்டிய விட்டுட்டு ஓடிட்டான்னு பேசுவாங்களாம்."

"நீங்க என்னம்மா சொல்றீங்க? உங்க ஆமாதான் எனக்குக் கணக்கு."

அவர் தாளை மடித்தார், பிரித்தார். "புள்ள வாழ்க்கைங்க. போட்டுருங்க."

போட்டேன். எழுத்து கூடியதும் வரி நீண்டது. நடுவில் நிற்க வேண்டிய இரண்டு பெயரில் ஒன்று இடம் போதாமல் உடைந்து விழுந்தது. வளர்மதி என்ற பெயர் தனியாக அடுத்த வரியில் போய் நின்றது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வார்த்தைய மட்டும் சின்ன எழுத்துல போட முடியுமா?"

தெய்வத்திருவை மட்டும் தேர்ந்து எழுத்தளவை ஒவ்வொரு புள்ளியாகக் குறைத்தேன். ஓர் அளவுக்கு வந்ததும் கீழே கிடந்த பெயர் மேல் வரிக்கு ஏறிக் குமரவேலின் பக்கத்தில் உட்கார்ந்தது. "சரியா போச்சும்மா" என்று கையை எடுத்தேன்.

"இன்னும் கொறைங்க."

குறைத்தேன்.

"இன்னும்."

"இதுக்குக் கீழ போனா அச்சுல மை அடைச்சுக்கும்மா. படிக்க வராது."

"அடைச்சா அடைச்சுட்டுப் போவுதுங்க" என்றார்.